காட்டாமல் விட்ட கிணறு

பெரியப்பாவின் மகன் அமெரிக்காவில் கல்யாணம் செய்துகொண்டார் என்று செய்தி வந்தபோது, பெண் வெள்ளைக்காரி என்று ஊரே முடிவு செய்துவிட்டது. பெரியம்மா முதல் நாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். இரண்டாம் நாள், "வெள்ளக்காரப் புள்ளைங்க மாமியார எதுத்தே பேசாதாம்ல" என்று தண்ணீர்க் குழாயடியில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஜாதி விட்டுக் கட்டினால் கொள்ளி வைக்கக்கூட வர வேண்டாம் என்று மகனை மிரட்டி அனுப்பிய பெரியப்பாவும் டீக்கடையில் உட்கார்ந்து, "அமெரிக்காவுல ஏதுப்பா ஜாதி?" என்றார்.

பிறகு கல்யாண ஆல்பம் தபாலில் வந்தது. பெரியம்மா அதைப் பிரித்துப் பார்த்தாள். மூடினாள். பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அமெரிக்காவில் ஜாதி இல்லை என்று பெரியப்பா அதற்குப் பிறகு எங்கும் சொல்லவில்லை.

அண்ணி கறுப்பு. எங்கள் ஊரில் கறுப்பு என்றால் பாதிப் பேர் கறுப்புதான். பெரியப்பாவே நல்ல கறுப்பு. நானோ, எங்கள் வீட்டுப் பிள்ளைகளிலேயே அதிகக் கறுப்பு. சித்தி என்னைக் கரிச்சட்டி என்றுதான் கூப்பிடுவாள். ஆனால் எங்கள் கறுப்பு வேறு, அவர்கள் கறுப்பு வேறு என்று வீட்டுப் பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். வித்தியாசம் என்ன என்று எனக்குப் புரியவில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு முந்திரிக்காட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவன் நான். புரியாத விஷயங்களை எல்லாம் படிக்காததால் புரியவில்லை என்று விட்டுவிடுவேன்.

குழந்தைக்கு ஒரு வயது தாண்டியதும், குலதெய்வம் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்த வேண்டும் என்று அண்ணன் எழுதினார். பேரன் என்றதும் பெரியப்பாவால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். சீர்த்தட்டு அவர் கொண்டுவர வேண்டும், தோடு அவர் போட வேண்டும், முதல் மாலை அவர் கழுத்தில் விழ வேண்டும். சொந்தபந்தம் எல்லாம் பார்த்திருக்க, அன்றைக்கு அந்தப் பந்தலில் பெரிய மனிதர் அவர்தான். அண்ணன் இதையெல்லாம் பெருமையாக அண்ணியிடம் சொல்லியிருக்கிறார். அண்ணி தன் அண்ணனிடம் சொல்லியிருக்கிறாள். அவர் லீவு போட்டுவிட்டு, டிக்கெட் எடுத்துக்கொண்டு, அவர்களோடே வந்து இறங்கிவிட்டார்.

நல்ல உயரம். எங்கள் வீட்டு நிலைப்படியில் குனிந்துதான் நுழைந்தார். எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார். என்ன உத்தியோகம் என்று பெரியப்பா கேட்க, அண்ணன் தயங்கித் தயங்கி, "பஸ் ஓட்டறாரு" என்றார்.

"அமெரிக்காவுலயுமா பஸ் டிரைவரு!" என்றாள் சித்தி. அதற்கு மேல் அவருக்கு நாற்காலி போட்டதே அதிகம் என்பதுபோல ஆகிவிட்டது.

இன்னொரு மாமாவும் இருந்தார். பெரியம்மாவின் தம்பி. அரியலூரில் அரிசி மில் வைத்திருந்ததால் எங்களுக்கெல்லாம் மில் மாமா. சிவந்த நிறம், தங்கச் சங்கிலி. அவர் மகளைத்தான் அண்ணனுக்கு என்று சிறுவயதிலேயே பேசி வைத்திருந்தார்கள். அந்தக் கல்யாணம் நடக்காத கோபத்தில் இரண்டு வருஷமாக எங்கள் வீட்டு வாசல் மிதிக்காதவர், காதுகுத்துக்கு இரண்டு நாள் முன்பு வந்து பெரியப்பாவோடு மாட்டுக்கொட்டகைப் பக்கம் நின்று பேசினார். நான் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தேன்.

"அப்பனுக்கு மாமன் நானு. புள்ளைக்கும் மாமன் நாந்தான். அந்த ஆள மடி போட்டு உக்கார வெச்சிங்கன்னா நம்ம சனம் ஒருத்தன் கை நனைக்க மாட்டான். அப்பறம் உங்க இஷ்டம் மச்சான்."

பெரியப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவரை உள்ளே சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனார். அதுதான் பதில் என்று எனக்கு அப்போது தெரியாது.

காதுகுத்து அன்று காலையில் அமெரிக்க மாமா வேட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றார். வேட்டி மேல் பெல்ட்டும் போட்டிருந்தார். சித்தி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அவர் கையில் சிவப்பு வெல்வெட் டப்பா இருந்தது, குழந்தைக்குத் தோடு. பெரியம்மா சிரித்த முகத்தோடு வந்து, பூஜையில் வைக்க வேண்டும் என்று சைகை காட்டி, அதை வாங்கிக்கொண்டாள். பிறகு பெரியப்பா அண்ணனைப் பார்த்துச் சொன்னார்:

"மாமன் சீர் செய்யறவுங்க மொதல்ல கங்கைகொண்ட சோழபுரத்துல போயி சாமி கும்புட்டுட்டுத்தான் பந்தலுக்கு வரணும். அதான் நம்ம வழக்கம்னு சொல்லு. பதினோரு மணிக்கு மேலதான் காது குத்து. கார் நிக்கிது."

அப்படி ஒரு வழக்கத்தை நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் பெரியவர்களுக்குத் தெரியாத வழக்கமா? அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டே அதை இங்கிலீஷில் சொன்னார். அமெரிக்க மாமா சந்தோஷமாகத் தலையாட்டினார். அண்ணி அப்போது உள்ளே குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள்.

வழிகாட்ட ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். சித்தி என்னைப் பிடித்து முன்னால் தள்ளினாள். "கரிச்சட்டிய அனுப்புங்க. ரெண்டும் ஒரே கலரு, சோடி பொருந்தும்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காரில் முன் சீட்டில் போகப்போகிறேன் என்ற ஒன்றுதான் எனக்குள் இருந்தது.

கார் ஜெயங்கொண்டத்து வாடகைக் கார். டிரைவர் காலனிக்காரர். திருச்சியிலிருந்து வரும் வெளிநாட்டுக்காரர்களைக் கோயில் கோயிலாகச் சுற்றிக் காட்டிக் காட்டி இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொண்டவர். என் அப்பா வயது இருக்கும். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் நாங்கள் அவரை வாடா போடா என்போம். அவர் எங்களைத் தம்பி என்பார். எங்கள் வீட்டில் அவருக்கு டீ, கொட்டகை எரவாணத்தில் செருகியிருக்கும் அலுமினியத் தம்ளரில். குடித்துவிட்டு அவரே கழுவிச் செருகிவிட்டுப் போவார். சூரியன் கிழக்கே உதிப்பதுபோல அது எனக்கு.

கிளம்பும்போது பெரியப்பா காரின் ஜன்னல் பக்கம் குனிந்து டிரைவரிடம் ஏதோ சொன்னார். அவர், "சரிங்கய்யா" என்றார்.

அந்தக் காலை நேரம் நான் ராஜா. கோயிலை நான் கட்டினதுபோலக் காட்டிக்கொண்டு போனேன். பெரிய நந்தியைக் காட்டினேன். கோபுரத்தின் உச்சியைக் காட்டினேன். அவர் வெறுங்காலோடு சுடுகல்லில் நடந்துகொண்டு, சுவரில் இருந்த ஒவ்வொரு சிலைக்கு முன்னாலும் நின்றார். புல்தரையில் டூர் வந்த பள்ளிக்கூடத்துப் பையன்கள் அவரைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார்கள்.

"வெஸ்ட் இண்டீஸா சார்? பவுலிங்கா, பேட்டிங்கா?"

"அமெரிக்காடா" என்றார் டிரைவர்.

"போய்யா. அமெரிக்காக்காரன்னா வெள்ளையா இருப்பான். எங்களுக்குத் தெரியாதா?"

டிரைவர் தயங்கிக்கொண்டே அதை இங்கிலீஷில் சொன்னார். அமெரிக்க மாமா வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். டிரைவர் என்னிடம் திரும்பி, "அமெரிக்காவுலயும் பல பேரு இதத்தான் சொல்றாங்களாம் தம்பி" என்றார். பையன்கள் விடவில்லை. நோட்டை நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் போனார்கள். ஒருவன் என்னைப் பார்த்து, "உனக்கு இவரு யாரு?" என்றான். "எங்க மாமா" என்றேன். அவன் என் முகத்தையும் அவர் முகத்தையும் பார்த்துவிட்டு, சரிதான் என்பதுபோலத் தலையாட்டினான். எனக்கு அன்றைக்கு என் நிறம் முதல் தடவையாக உபயோகப்பட்டது.

வெளியே மரத்தடியில் இளநீர் வாங்கிக் குடித்தோம். அமெரிக்க மாமா டிரைவரிடம் காரைப் பற்றி ஏதோ கேட்டார். தானும் வண்டி ஓட்டுகிறவன்தான் என்று ஸ்டியரிங் பிடிப்பதுபோலக் காட்டினார். டிரைவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு பேரும் நெடுநேரம் பேசினார்கள். நடுநடுவே டிரைவர் எனக்கும் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார், தனக்கே சொல்லிக்கொள்வது மாதிரி.

"இவுங்கம்மா சின்னப் புள்ளையா இருந்தப்ப, பஸ்ஸுல முன்னாடி சீட்டு காலியாக் கெடந்தாலும் உக்காரக் கூடாதாம் தம்பி. பின்னாடிதான் போவணுமாம். தண்ணிக் கொழாகூட இவுங்களுக்குத் தனியாம்."

"அமெரிக்காவுலயா?"

"அமெரிக்காவுலதான்." டிரைவர் இளநீரைக் கீழே வைத்தார். "இப்ப அதே ஊருல இவரு பஸ் ஓட்டறாரு. யாரு வேணா எங்க வேணா உக்காரலாமாம், சட்டம் வந்துருச்சாம். ஆனா யூனிபாரத்தக் கழட்டிட்டு ஒரு கடைக்குள்ள போனாருன்னா, திருடிருவாரோன்னு கடைக்காரன் பின்னாடியே வருவானாம்."

அமெரிக்க மாமா அதற்குப் பிறகு சொன்னதை டிரைவர் உடனே தமிழில் சொல்லவில்லை. நான் முழங்கையைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் சொன்னார்.

"தங்கச்சி போன் பண்ணி, அவுங்க வூட்டுல மொத மரியாதி தாய்மாமனுக்குத்தான்னு சொன்னுச்சாம். இவரு அம்மா அழுதுருச்சாம். எந்த ஊருலயும் எந்தச் சபையிலயும் நம்மள யாரும் முன்னாடி கூப்புட்டு உக்கார வெச்சதில்ல, நீ போய் உக்காந்துட்டு வாடான்னுச்சாம். இவருக்குச் சம்மணம் போட வராதாம். மடியில தலகாணிய வெச்சுக்கிட்டுத் தெனமும் உக்காந்து பழவுனாராம்."

தலையணையைப் பிள்ளையாக மடியில் வைத்துக்கொண்டு அவ்வளவு பெரிய ஆள் தரையில் உட்கார்ந்திருப்பதை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தேன். அவரும் சிரித்தார். டிரைவர் சிரிக்கவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு, "ஏறுங்க. ஏறு தம்பி, சீக்கிரம்" என்றார்.

"சிங்கக் கெணறு இன்னும் காட்டலயே!"

அந்தக் கோயிலில் எனக்குப் பிடித்ததே அதுதான். கல்லில் செய்த பெரிய சிங்கம், அதன் உடம்பு வழியாகப் படியிறங்கிக் கிணற்றுக்குப் போகலாம். கடைசியாகக் காட்டி அசத்த வேண்டும் என்று காலையிலிருந்து பத்திரப்படுத்தி வைத்திருந்தேன். டிரைவர் என் கையைப் பிடித்து இழுத்துக் காருக்குள் போட்டார். எங்கள் வீட்டுப் பிள்ளையின் கையை அவர் தொட்டதே அன்றுதான்.

கார் பறந்தது. "டேய், மெதுவாப் போடா" என்று கத்தினேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பதினோரு மணிக்கு இல்ல தம்பி. அங்க இந்நேரம் மொட்டை அடிச்சிக்கிட்டு இருப்பாங்க. மதியம் வரைக்கும் கூட்டியாராத, கேட்டா பஞ்சர்னு சொல்லுன்னாரு உங்க பெரியப்பா. நானும் சரின்னுட்டேன்." பிறகு பின்னால் திரும்பாமலே இங்கிலீஷில் கொஞ்சம் பேசினார். நான் திரும்பிப் பார்த்தபோது அமெரிக்க மாமா ஜன்னலுக்கு வெளியே முந்திரிக்காட்டைப் பார்த்துக்கொண்டு, கசங்கியிருந்த வேட்டியைக் கையால் நீவிக்கொண்டிருந்தார். நான் கிணற்றை நினைத்து உம்மென்று உட்கார்ந்திருந்தேன்.

குலதெய்வம் கோயில் பந்தலுக்குள் நாங்கள் நுழைந்தபோது மேளக்காரர்கள் பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தார்கள். காது குத்திய ஆசாரி கம்பியைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். மில் மாமா கழுத்தில் மாலையோடு, மடியில் கிடந்த முடியைத் தட்டிவிட்டுக்கொண்டு மணையிலிருந்து எழுந்தார். குழந்தை பெரியம்மா இடுப்பில் வீரிட்டு அழுதுகொண்டிருந்தது. தலையில் சந்தனம். இரண்டு காதிலும் புதுத்தோடு. வெல்வெட் டப்பாவில் வந்த தோடு.

யாரும் எதுவும் கேட்பதற்கு முன்னால் பெரியப்பா கையை விரித்துக்கொண்டு ஓடி வந்தார். "பஞ்சராமே! நல்ல நேரம் போயிருமேன்னுதான் வேற வழி இல்லாம..."

"பஞ்சர் ஒண்ணும் இல்லிங்க" என்றார் டிரைவர்.

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் பந்தல் முழுக்கக் கேட்டது. பெரியப்பா அவரைப் பார்த்த பார்வையில், அந்த ஆள் இனிமேல் எங்கள் வீட்டுக்குக் கார் ஓட்ட மாட்டார் என்று எனக்கே தெரிந்தது. அண்ணி பொங்கல் பானைப் பக்கத்திலிருந்து எழுந்து வந்தாள். தன் அண்ணனைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். இங்கிலீஷ் தெரியாத எனக்கும் அது என்ன கேள்வி என்று புரிந்தது. அண்ணன் தலை நிமிரவில்லை. அப்புறம் அன்று முழுவதும் அண்ணி அவரிடம் பேசியதை நான் பார்க்கவில்லை.

அமெரிக்க மாமா மணைக்குப் பக்கத்தில் குனிந்தார். மழித்த முடி அங்கே வாழையிலையில் சுருள் சுருளாகக் கிடந்தது. அவர் தலையில் இருந்த அதே மாதிரி முடி. அதில் ஒரு சுருளை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். குழந்தை அவரைப் பார்த்ததும் பெரியம்மா இடுப்பிலிருந்து எட்டித் தாவியது. அவர் வாங்கிக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தார். சம்மணம் நன்றாகவே போட்டார். குழந்தை விசும்பி விசும்பி அவர் மடியிலேயே தூங்கிப்போனது.

பெரியம்மா பந்தலைச் சுற்றிப் பார்த்துச் சொன்னாள். "அதான் இப்ப மடியில உக்காந்துட்டான்ல. இன்னும் என்ன கொறை?"

எல்லோருக்கும் மூச்சு வந்தது. பேச்சும் சிரிப்பும் மறுபடி கிளம்பின. பந்தி போட்டார்கள். குற்றம் சொல்ல இடம் வைக்கக் கூடாது என்று, முதல் பந்தியில் முதல் இலையை அமெரிக்க மாமாவுக்குப் போட்டு, அவருக்கு மட்டும் மேஜை நாற்காலி கொண்டுவந்து வைத்தார் பெரியப்பா. அவர் குழந்தையை அண்ணியிடம் கொடுத்துவிட்டு வந்து நின்றார். சுற்றிப் பார்த்தார். பந்தலுக்கு வெளியே, காருக்குப் பக்கத்தில், முந்திரி மரத்தடியில் டிரைவர் தனியாக இலை முன்னால் உட்கார்ந்திருந்தார். அமெரிக்க மாமா தன் இலையைச் சோற்றோடு இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நடந்துபோய், அவர் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தார். டிரைவர் பதறி எழப் பார்த்தார். அமெரிக்க மாமா அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

"டிரைவரும் டிரைவரும் சேந்துக்கிட்டாங்கப்பா!" என்றார் மில் மாமா. பந்தி சிரித்தது.

எனக்கும் அங்கே போய் உட்கார ஆசையாக இருந்தது. காலையிலிருந்து நாங்கள் மூன்று பேரும் ஒன்றாகத்தானே இருந்தோம். இரண்டு எட்டு வைத்தேன். "டேய், எங்க போற? இங்க வா" என்றாள் அம்மா. திரும்பி வந்து எங்கள் வரிசையில் உட்கார்ந்தேன். நல்ல பசி. கறிக்குழம்பு ருசியாக இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போதும் எனக்குக் கூசுகிறது.

மறுநாள் காலையிலேயே அவர்கள் கிளம்பிவிட்டார்கள். பத்து நாள் இருப்பதாக வந்தவர்கள். அந்தக் குழந்தையை எங்கள் ஊர் அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை. பெரியப்பா கடைசி வரை, பேரனை மருமகள் பிரித்துவிட்டாள் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். காதுகுத்து போட்டோ அவர் வீட்டு நடையில் இன்னும் மாட்டியிருக்கிறது. மில் மாமா மடியில் குழந்தை. அமெரிக்க மாமா அதில் இல்லை. நானும் இல்லை.

அண்ணி கேட்டுக்கொண்டதால் அதே கார்தான் வந்தது. டிரைவர் பெட்டிகளை ஏற்றினார். பெரியவர்கள் எல்லோரும் வாசலில் நின்று கும்பிட்டார்கள். யாரும் வேறு ஒன்றும் பேசவில்லை. எனக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவன், அன்றைக்கு எப்படியோ காருக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"மாமா, உங்களுக்கு அத காட்டாமயே கூட்டியாந்துட்டேன். தப்புதான். கோச்சுக்காதீங்க."

சிங்கக் கிணறு என்று டிரைவருக்கு விளங்கியிருக்கும். அவர் என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் வாசலில் நின்றவர்களையும் பார்த்தார். பிறகு அமெரிக்க மாமாவிடம் இங்கிலீஷில் சொன்னார். நான் சொன்னது கொஞ்சம். அவர் சொன்னது அதைவிட நீளமாக இருந்தது. அமெரிக்க மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். கார் நகர்ந்த பிறகுதான் விட்டார்.

ஒரு கிணற்றைப் பார்க்காததற்கு இவ்வளவு பெரிய ஆள் அழுவாரா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அடுத்த தடவை வரும்போது முதலில் அதைத்தான் காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போனேன். எங்கள் வீட்டிலிருந்து அவரிடம் தப்பு என்று சொன்னது நான் ஒருவன்தான். அதையும் நான் கிணற்றுக்காகச் சொன்னேன்.